மாதிரி வடிவங்களில் தண்ணீர் எப்படி உண்மைபோலத் தெரிகிறது?

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தைச் சிறு மாதிரியாகச் செய்தால், அடியில் வாவியை எப்படிக் காட்டுவது? நிறம் தீட்டிய தளத்தின்மேல் தெளிவான எப்பொக்சி பிசினை (இரு திரவங்களைக் கலந்ததும் இறுகும் செயற்கைப் பிசின்) ஊற்றி இறுகவிடுவார்கள், இதுவே நீர்த்தோற்றம். ஆனால் அழகின் பெரும்பகுதி பிசினில் இல்லை, அடித்தளத்தில்தான் இருக்கிறது. கண்ணாடிக் குவளையில் தெளிந்திருக்கும் நீர், கறுத்த மண்சட்டியில் இருண்டு தெரிகிறதல்லவா? அதனால் கரையோரம் மணல் நிறம், நடுவே கரும்பச்சை என்று படிப்படியாகத் தீட்டுங்கள். ஆழம் தானாகத் தோன்றும். இந்தத் தீட்டலுக்கு எவ்வளவு நேரம் கொடுத்தாலும் தகும்.

பிசின் இறுகும்போது சூடாகும். ஒரேயடியாகத் தடிப்பாக ஊற்றினால் குமிழிகள் சிக்கும், விரிசலும் விழலாம். மெல்லிய படைகளாக ஊற்றுங்கள். கையுறையும் காற்றோட்டமும் கட்டாயம். அலைகளுக்கு, இறுகிய பரப்பின்மேல் அக்ரிலிக் ஜெல்லை (காய்ந்ததும் தெளிவாகும் தடித்த பசை போன்றது) தூரிகையால் இழுத்தால் போதும்.

நீலச் சாயம் கலந்தால்தான் தண்ணீராகும் என்று பலர் நினைக்கிறார்கள். அதிகம் கலந்தால் அடித்தளம் மறைந்து, ஆழமே தெரியாமல் போய்விடும்.