வெள்ளி அரைப்பேர், சனி முழுப்பேர்

கேள்வி: நான் ஹட்டனுக்கு அருகே ஆசிரியையாக இருக்கிறேன். கணவருக்கு நகரில் அலுவலக வேலை. ஆறு வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பிள்ளைகள். மாதம் ஒரு வார இறுதியில் கொழும்புக்குப் போய், வாடகை சைக்கிள் எடுத்துச் சுற்றுகிறோம். இது மூன்றாவது முறை. காலி முகத்திடல், நூதனசாலை, கொச்சிக்கடைக் கருங்கல் கோயில், மாலையில் லயனல் வெண்ட் அரங்கில் நாடகம் என்று கணவர் பட்டியல் போட்டுவிடுகிறார். சைக்கிளில் முன்னால் போனால் திரும்பியே பார்ப்பதில்லை. நூதனசாலையில் கண்டி அரசரின் சிம்மாசனத்தின் முன் ஐந்து நிமிடம் நிற்கக்கூட விடவில்லை. கணவரின் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். பிள்ளைகளைப் பற்றிக் கவலையில்லை; அத்தை வெள்ளி பகலோடு வந்துவிடுவார், சனிக்கிழமையும் மலைக்குப் போகமாட்டார். ஞாயிறு இரவு பஸ்ஸில் திரும்பும்போது நாங்கள் பேசிக்கொள்வதே இல்லை. இவருக்கு என்மேல் அன்பு இருக்கிறதா?

பதில்: அன்புத் தங்கைக்கு,

கணவர் வேகமாக ஓட்டினால் "நில்லுங்கள்" என்று குரல் கொடுங்கள். பட்டியலில் பாதியை அடித்துவிடுங்கள். ஒரு நாளில் நாலு இடம் பார்க்க ஓடுகிற எல்லாரும் பஸ்ஸில் திரும்பும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வருகிறார்கள். இதே கடிதத்தை வேறு வேறு கையெழுத்தில் எத்தனையோ முறை படித்துவிட்டேன். இதைக் கொண்டு அன்பை அளக்க முடியாது.

நான் நின்றுபோனது வேறு இடத்தில். "அத்தை வெள்ளி பகலோடு வந்துவிடுவார், சனிக்கிழமையும் மலைக்குப் போகமாட்டார்." அதற்கு முன்னால் எழுதியிருப்பதைப் பாருங்கள்: "கவலையில்லை." யாருக்குக் கவலையில்லை?

நீங்கள் தோட்டத்துப் பக்கத்தில் பாடம் நடத்துகிறவர். ஒரு முழுநாள் வேலைக்குப் பதிகிற பேர் என்றால் என்னவென்று நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளி பகலில் கூடையை இறக்கினால் அரைப்பேர். சனி போகாவிட்டால் ஒரு பேரே போயிற்று. ஒரு பயணத்துக்கு ஒன்றரை நாள், மூன்று பயணத்துக்கு நாலரை நாள். 2024இல் அறிவித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தின்படி கணக்குப் பார்த்தாலே 6,075 ரூபாய் ஆகிறது. சம்பளம் குறைந்தால் ஓய்வுகாலத்துக்கான சேமலாப நிதிக்குச் சேர்கிற பணமும் குறையும். சைக்கிள் வாடகையையும் நாடக டிக்கெட்டையும் கணக்குப் பார்த்திருப்பீர்கள். இது ஏன் கணக்கில் வரவில்லை? ஞாயிற்றுக்கிழமையை நான் இன்னும் தொடவே இல்லை. விறகு சேர்க்கவும், துணி துவைக்கவும், காலை நீட்டிப் படுக்கவும் அந்தப் பெண்ணுக்கு இருக்கிற ஒரே நாள் அது.

"அத்தை விருப்பத்தோடுதான் வருகிறார்" என்று சொல்வீர்கள். கேட்டீர்களா? கேட்டிருந்தாலும், பேரப்பிள்ளைகளைப் பார்க்க முடியாது என்று எந்த அப்பாயி சொல்வார்? மறுக்கத் தெரியாதவரிடம் கேட்பதற்குப் பெயர் கேட்பது ஆகாது. அவருக்கு என்ன வயது, முழங்கால் வலி உண்டா, மழைநாளில் அட்டைக்கடியோடு வந்து இரண்டு பிள்ளைகளின் பின்னால் ஓடுகிறாரா, ஒன்றுமே கடிதத்தில் இல்லை. சிம்மாசனத்தின் முன்னால் நிற்க முடியாமல் போன ஐந்து நிமிடம் மட்டும் இருக்கிறது.

உங்களைவிட உங்கள் கணவர் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம். அவரைத் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு, காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு ஓடியவர் அந்தத் தாய். அவர் இன்று அலுவலக நாற்காலியில் உட்கார்ந்திருப்பது கொழுந்துக் காசில். என் அம்மாவும் இடுப்பில் படங்கு கட்டி மலையேறியவர்தான். சம்பள நாளில் கடன் கொடுத்தது போக மிஞ்சிய தாள்களை அவர் இரண்டு முறை எண்ணுவார். அப்படி எண்ணுகிற ஒருவரிடமிருந்து, படித்துச் சம்பாதிக்கிற மகனே நாலரை நாளை எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. பெற்றவரின் உழைப்பில் ஓய்வெடுப்பதை நான் குடும்பப் பாசம் என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நீங்கள் ஆசைப்பட்டுப் பார்த்த அந்தச் சிம்மாசனம் 1815இல் கண்டி வீழ்ந்தபோது வெள்ளையர் கைக்குப் போய், கடல் கடந்து, 1934இல்தான் திரும்பி வந்தது. எடுத்துக்கொண்டு போன அரசே திருப்பிக் கொடுத்திருக்கிறது. நீங்களும் அந்த நாலரை நாள் சம்பளத்தைத் திருப்பிக் கொடுங்கள். மகன் தன் கையால் கொடுக்கட்டும். "எனக்கு எதற்குப்பா" என்பார். வற்புறுத்திக்கொண்டு நிற்காமல் அவர் பெயரில் இருக்கிற வங்கிப் புத்தகத்தில் போட்டுவிட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுங்கள்.

சைக்கிள் ஆசையை விடச் சொல்லவில்லை. அந்த நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டபோது ஆளுநராக இருந்தவர் கிரகரி. நுவரெலியாவில் 1873இல் அமைந்த ஏரிக்கும் அவர் பெயர்தான். ஏரிக்கரையிலேயே சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. ஞாயிறு காலை பஸ் ஏறினால் மாலை விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம். யாருடைய பேரும் போகாது. பிள்ளைகளும் கூட வரலாம். மூத்தது கணவரின் சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்தால் அவர் வேகம் தானாகக் குறையும்.

கொழும்புக்குப் பாடசாலை விடுமுறையில் போங்கள், அத்தையையும் அழைத்துக்கொண்டு. அவர் கடலைப் பார்த்திருக்கிறாரா என்று உங்களுக்குத் தெரியுமா? இந்த வெள்ளிக்கிழமை அவர் மலையிலிருந்து இறங்கி வந்ததும், பிள்ளைகளை அவர் கையில் கொடுக்காமல், தேத்தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.