சப்பாத்தில் சேறு, நோட்டில் கேள்வி

கேள்வி: ஐயா, மகள் நான்காம் ஆண்டு படிக்கிறாள். மூன்று வாரமாக அறிவியல் நேரத்தில் டீச்சர் பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னால் உள்ள செம்பனை மரங்களுக்கு அழைத்துப் போகிறார். சப்பாத்தெல்லாம் சேறு. நோட்டில் வெறும் கேள்விகள்தான். ஒரு பக்கத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். பதில் கேட்டால், "டீச்சர் சொல்ல மாட்டேங்கிறாங்க" என்கிறாள். இது பாடமா, பொழுதுபோக்கா?
- ஒரு தாய், குளுவாங்

பதில்: வணக்கம்மா. பக்கத்தைப் பார்த்தேன். "இந்தக் குலையில் காய் நிறைய, அந்தக் குலையில் பாதி காய் கொட்டையில்லாமல் வெள்ளையாக இருக்கிறதே, ஏன்?" என்று எழுதியிருக்கிறாள். கீழே உரம், எலி, தண்ணீர் என மூன்று ஊகம். உரத்தையும் தண்ணீரையும் கோடு போட்டு அடித்திருக்கிறாள். அடித்த இடம்தானம்மா பாடம்.

ஆண் பூவுக்கு அடியில் வெள்ளைத் தாள் பிடித்துத் தட்டச் சொல்லுங்கள். அரிசியில் வருமே, அந்த மாதிரிப் பழுப்பு வண்டுகள் பொலபொலவென்று விழும். பூவை முகர்ந்தால் சோம்பு வாசனை. மகரந்தத்தைப் பெண் பூவுக்குச் சுமப்பவை இவைதான். மகரந்தம் சேராத காயில் கொட்டை இருக்காது. கேமரூனிலிருந்து 1981-இல் கொண்டு வந்து விட்டார்கள். அதற்கு முன்பு அது மனுஷர் வேலை. என் அம்மா டால்க் பவுடரில் மகரந்தம் கலந்து ஊதிக்கொண்டு மரம் மரமாக நடந்தவர். வண்டு வந்தது, அம்மாவுக்கு வேறு வேலை கொடுத்தார்கள்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. பூ சூலாகிக் குலை பழுக்க ஐந்தாறு மாதம் ஆகும். அடைமழையில் வண்டு சரியாகப் பறக்காது. ஆக, இன்று காணும் வெள்ளைக் காய்க்குக் காரணம் போன மழைக்காலமாகக்கூட இருக்கலாம். இதை டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டால் பிள்ளை ஒரு வரி எழுதிவிட்டு மூடிவிடும்.

கனடாவில் மெக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரியில் 1969-இல் இந்த முறையை ஆரம்பித்தார்கள். நோயாளியின் சிக்கல் முதலில், விளக்கம் அப்புறம். இங்கே நோயாளி செம்பனை.

ஆனால் வெளியே கூட்டிப் போனாலே பாடமாகிவிடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் "ஆறு ஏன் அழுக்காகிறது?" என்று கேட்டு ஒரு வகுப்பையே லொங்காங் (சாக்கடைக் கால்வாய்) பக்கம் கூட்டிப் போனேன். பிள்ளைகள் மீன் பிடித்தார்கள், தலைமையாசிரியர் என்னைப் பிடித்தார். கேள்வி அவர்கள் கைக்கு எட்டவில்லை, தப்பு என்னுடையது.

ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021-லேயே போய்விட்டது, அந்தக் கவலை வேண்டாம். டீச்சரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: திரும்பி வந்ததும் பார்த்ததைப் பாடநூலோடு சேர்த்து எழுத வைக்கிறாரா? இல்லையென்றால் உங்கள் குறை நியாயம்.

செம்பனை மட்டையில் முள் உண்டு, எலி இருக்கும் இடத்தில் பாம்பும் வரும். நீளக் கால்சட்டை போட்டு அனுப்புங்கள். சப்பாத்துச் சேற்றைக் காயவிட்டுத் தட்டினால் சுலபமாக உதிரும்.