தற்கொலை எண்ணம் என்பது என்ன? அது குறித்து ஒருவரிடம் நேரடியாகக் கேட்கலாமா?

தற்கொலை எண்ணம் என்பது பெரும்பாலும் சாகும் ஆசையன்று. வேதனை நின்றால் போதும் என்ற தவிப்பு, வேறு வழியே தெரியாதபடி மனத்தைக் குறுக்கிவிடும் நிலை. அது காட்டாற்று வெள்ளம் போன்றது: கரைபுரளும்போது கடக்கவே முடியாது என்று தோன்றினாலும் அதன் உச்சம் நெடுநேரம் நீடிப்பதில்லை என்பதால், தணியும்வரை ஒருவர் உடனிருப்பதே உயிரைக் காக்கும். ஆசையாக வைத்திருந்த சைக்கிளைத் திடீரெனத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, "இனி உங்களுக்குச் சுமையாக இருக்க மாட்டேன்" என்று அண்ணன் சொன்னால், அதை விளையாட்டாக எண்ணாமல், தனியே விடாமல், அறிவுரையைத் தள்ளிவைத்து அவர் பேசுவதைக் கேளுங்கள். சென்னையில் 1986இல் தொடங்கப்பட்ட சினேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு செய்வதும் இதைத்தான்; அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண்ணான 14416ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அப்படி நேர்வதில்லை, கேட்கப்பட்டவருக்குப் பெரும்பாலும் ஆறுதலே கிடைக்கிறது.