துப்பாக்கி சுடுற போட்டில ஒரே ஸ்டேஜ்ல (ஒரு சுற்றுல) மூணு நாலு ஸ்ட்ரிங் (தனித்தனியா டைம் எடுத்துச் சுடுற ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்ட்ரிங்) சுட்டா ஸ்கோர் எப்படிப் போடுவாங்க?

தொண்டில இருந்து ஒரு தம்பி, ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் தனி மார்க்கானு கேட்டிருக்காரு. வேகம், குறி ரெண்டையும் பார்க்கற பிராக்டிகல் ஷூட்டிங்ல பெரும்பாலும் அப்படி இல்ல தம்பி. நம்ம பக்கம் மூணு தடவ வலை விட்டாலும் மீனை கரைக்கு வந்துதான் மொத்தமா எடை போடுவோம்ல, அதே மாதிரி ஒவ்வொரு ஸ்ட்ரிங் டைமையும் குறிச்சு வச்சு கடைசில கூட்டிக்குவாங்க, டார்கெட்ல பட்ட குண்டைக் கடைசி ஸ்ட்ரிங் முடிஞ்சு எண்ணுவாங்க, பாயிண்டை மொத்த டைமால வகுத்தா வர்றதுதான் ஹிட் ஃபேக்டர்.

4.20, 3.80, 5.00 செகண்ட்னு வைங்க, மொத்தம் 13. சுட்டது 18 குண்டு, அதுல 12 ஏ (டார்கெட்டோட நடுப்பகுதி, தலா 5), 6 சி (அதுக்கு வெளிய இருக்கற பகுதி, மைனர்ல, அதாவது சக்தி குறைஞ்ச குண்டுக்கு, தலா 3), ஆக 78 பாயிண்ட். ஹிட் ஃபேக்டர் 6. இதுல ஒரு ஸ்ட்ரிங் சொதப்புனாலும் அந்த டைமைத் தூக்கிப் போட முடியாது, அதான் கஷ்டம். இத்தனை குண்டுதான்னு முன்னாடியே சொல்லிடுற வர்ஜீனியா கவுண்ட் முறைல, சொன்னதுக்கு மேல ஒரு குண்டு சுட்டாலே 10 பாயிண்ட் போயிரும்.

இரும்புத் தட்டுகளை வேகமா சுடுற ஸ்டீல் சேலஞ்ச் போட்டி கதையே வேற. ஒரு ஸ்டேஜுக்கு அஞ்சு ஸ்ட்ரிங் சுடணும், மோசமான ஒண்ணைக் கழிச்சுட்டு மிச்ச நாலு டைமைக் கூட்டுவாங்க, பாயிண்டே கிடையாது, அடிக்காம விட்ட தட்டு ஒவ்வொண்ணுக்கும் 3 செகண்ட் ஏறும். அதுல அவுட்டர் லிமிட்ஸ்ங்கிற ஸ்டேஜ்ல மட்டும் நாலு ஸ்ட்ரிங், நல்ல மூணு கணக்கு. புதுசா வர்றவங்களுக்கு ஸ்டீல் சேலஞ்ச்தான் நல்லதுன்னு நான் உறுதியா சொல்வேன்.