கனவு வண்டியும் வலது முழங்காலும்

கேள்வி: பள்ளியில் படிக்கும்போது ஒரு பழைய பத்திரிகையில், ஒருவர் நீச்சல் உடையோடு மோட்டார் சைக்கிள் மேல் குப்புறப் படுத்தபடி ஓட்டும் படத்தைப் பார்த்தேன். வண்டி வின்சென்ட் என்று போட்டிருந்தது. அன்று பிடித்த பைத்தியம் 52 வயதாகியும் விடவில்லை. பிள்ளைகள் தலையெடுத்துவிட்டார்கள், கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. ஆனால் வின்சென்ட் பிளாக் ஷேடோ விலையைக் கேட்டால் வீட்டையே விற்க வேண்டும் போலிருக்கிறது. அடுத்த ஆசை நார்ட்டன் கமாண்டோ. நண்பரோ, "பேசாமல் ஹோண்டா சிபி750 வாங்கு" என்கிறார். "எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், என்னையும் ஏற்றிக்கொண்டு போகிற வண்டியாக இருக்கட்டும்" என்பது மனைவியின் கட்சி. எதை வாங்கலாம்? பின்குறிப்பு: சில வருடங்களுக்கு முன் வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. இப்போது தொந்தரவு இல்லை.

பதில்: கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தப் பின்குறிப்புதான். ஆனாலும் நீங்கள் ஆரம்பித்த இடத்திலிருந்தே வருகிறேன்.

நீங்கள் பார்த்த படத்தில் இருப்பவர் ரோலி ஃப்ரீ. 1948 செப்டம்பரில் அமெரிக்காவின் பான்னவில் உப்புப் பாலையில் மணிக்கு 150 மைலைத் தாண்டினார். போட்டிருந்த தோல் உடை காற்றில் கிழிந்துபோனதால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு, நீச்சல் உடையோடு மறுபடி ஓட்டியதில் கிடைத்த வேகம் அது. உங்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம், அந்த வண்டி கடைக்கு வந்த பிளாக் ஷேடோ இல்லை. தொழிற்சாலையே பந்தயத்துக்கென்று தனியாக முறுக்கேற்றிக் கொடுத்தது. கடைக்கு வந்த ஷேடோவே மணிக்கு 125 மைல் போகும் என்றார்கள். 998 சிசி வி-ட்வின் எஞ்சின், அதாவது இரண்டு சிலிண்டரும் V எழுத்துப் போல விரிந்திருக்கும். அந்த எஞ்சின்தான் வண்டிக்கு முதுகெலும்பும். மற்ற வண்டிகளில் முன்பக்கம் இறங்கி வரும் சட்டக்குழாய் இதில் கிடையாது. 1955-ல் தயாரிப்பு நின்றபோது, ஷேடோக்களின் மொத்தக் கணக்கு இரண்டாயிரத்தைக்கூடத் தொட்டிருக்கவில்லை. விலை ஏன் அப்படி என்று இப்போது புரியும். விலை குறைவாக ஒன்று கண்ணில் பட்டாலும் உடனே ஓடாதீர்கள். அதே கம்பெனியின் ராப்பைட் எஞ்சினுக்குக் கறுப்புப் பூசி ஷேடோ என்று விற்பது பழைய வித்தை. வின்சென்ட் படமாகவே இருக்கட்டும். நல்லதாக ஒன்றை அச்சிட்டுச் சட்டம் போட்டு மாட்டுங்கள்.

சரி, முழங்காலுக்கு வருவோம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் வண்டிகளில் கிக்கர் பெரும்பாலும் வலது பக்கம். கமாண்டோ மாதிரியான 750 சிசி இரட்டை சிலிண்டர் வண்டியை உதைக்க உடம்பின் முழு எடையையும் இறக்க வேண்டும். பாயின்ட் டைமிங், அதாவது எஞ்சினுக்குள் தீப்பொறி விழும் நேரம், கொஞ்சம் முன்னே இருந்தால் கிக்கர் திருப்பி அடிக்கும்.

இது எனக்கு நேர்ந்திருக்கிறது. வருடங்களுக்கு முன் 500 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி ஒன்றைப் பார்க்கப் போனேன். விற்றவர் முதல் உதையிலேயே கிளப்பிக் காட்டினார். நானும் மயங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டேன். நான் வருவதற்கு முன்பே அவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தார் என்பது மறுநாள் காலையில்தான் உறைத்தது. முப்பது உதை வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை, ஏனென்றால் கிக்கர் திருப்பி அடித்து நான் தரையில் இருந்தேன். நான்கு நாள் நொண்டல். அப்போது எனக்கு முப்பது வயது, முழங்காலில் கத்தி பட்டதில்லை.

அதனால் நண்பர் சொன்னதை லேசாகத் தள்ளாதீர்கள். 1969-ல் சிபி750 வந்தபோது நான்கு சிலிண்டர், முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக், பட்டனைத் தட்டினால் ஸ்டார்ட் என்று எல்லாம் ஒரே வண்டியில், எட்டக்கூடிய விலையில் கிடைத்தன. அதன் எஞ்சின் பெட்டி படுக்கைவாட்டில் பிரிவதால், பிரிட்டிஷ் வண்டிகளைப் போல அடியில் ஆயில் கசிவதில்லை. லட்சக்கணக்கில் விற்றதால் உதிரிபாகமும் கிடைக்கும். 'சாண்ட்காஸ்ட்' என்று கொண்டாடப்படும் முதல் சில ஆயிரம் வண்டிகள் பக்கம் மட்டும் போகாதீர்கள். அது சேகரிப்பவர்களின் சந்தை. இரண்டு மூன்று வருடம் தள்ளி வந்தது உங்களுக்கு அதே சுகத்தைக் கொடுக்கும்.

ஆனால் ஹோண்டாவுக்காக யாரும் இத்தனை நீளக் கடிதம் எழுத மாட்டார்கள்.

கமாண்டோவை நிறுத்தி வைத்து ஓடவிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? எஞ்சின் சட்டத்துக்குள் குதிக்கும், முன் மட்கார்டு நடுங்கும், கைப்பிடிகள் மங்கலாகத் தெரியும். 'ஏதோ கழன்றுவிட்டது' என்று தோன்றும். கியர் போட்டுக் கிளம்பி எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 2,500 சுற்றைத் தாண்டியதும் அத்தனையும் சட்டென்று அடங்கிவிடும். எஞ்சின், கியர்பாக்ஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் கை மூன்றையும் சேர்த்து ரப்பரில் உட்கார வைத்திருப்பதுதான் காரணம். ஐசோலாஸ்டிக் என்பார்கள். அந்த ரப்பரில் இடைவெளி கூடியிருந்தால் வளைவில் வண்டி மீன் போல நெளியும். வாங்குமுன் முதலில் சோதிக்க வேண்டியது அதைத்தான்.

உங்களுக்கு ஏற்ற கமாண்டோ ஒன்று இருக்கிறது: 1975-ல் வந்த 850 மார்க் 3. எலக்ட்ரிக் ஸ்டார்ட் உண்டு, கியர் இடது காலுக்கு வந்துவிட்டது, பின்சக்கரத்துக்கும் டிஸ்க். அந்த ஸ்டார்ட்டர் கொஞ்சம் சோப்ளாங்கி, கிக்கருக்குத் துணைக்கு வைத்தது என்றே கிண்டல் செய்வார்கள். மோட்டாரையும் கேபிளையும் பலமாக மாற்றியவர்கள் நிறையப் பேர். அப்படி மாற்றியதைத் தேடுங்கள். சட்டம், எஞ்சின், கியர்பாக்ஸ் மூன்றிலும் ஒரே எண் இருக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து அப்படித்தான் வந்தது. ஹோண்டாவில் சட்டத்துக்கும் எஞ்சினுக்கும் ஆரம்பத்திலேயே வேறு வேறு எண், அதைப் பார்த்துப் பதறாதீர்கள்.

விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை வண்டியைத் தொட வேண்டாம். போனதும் முதல் வேலையாக சைலன்சர் குழாயில் கையை வையுங்கள். சில்லென்று இருக்கிறதா? அப்புறம் நீங்களே பட்டனை அழுத்துங்கள். மூன்று முயற்சிக்குள் கிளம்பினால் நார்ட்டன். "பேட்டரி வீக், ஒரு உதை விடுங்கள் சார்" என்ற பேச்சு வந்தால் வணக்கம் சொல்லிவிட்டு நேராக ஹோண்டாவைப் பார்க்கப் போங்கள்.

உங்கள் மனைவியையும் அழைத்துப் போங்கள். கமாண்டோவில் இன்டர்ஸ்டேட் என்ற ரகத்துக்கு டேங்க் பெரிது, நெடும்பயணத்துக்கென்றே வந்தது. விலை பேசுவதற்கு முன் அவர் பின்னால் ஏறி உட்கார்ந்து, கால் வைக்க இடம் வசதியாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். வண்டி நின்றபடி எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே.