டயாலிசிஸ் தண்ணீர்: டி.டி.எஸ். எண்ணைக் காட்டி விற்பவர்களிடம் கவனம்

கேள்வி: அப்பாவுக்கு வீட்டிலேயே ஹீமோடயாலிசிஸ் (கருவி வழியாக ரத்தத்தைச் சுத்திகரிப்பது) தொடங்கப்போகிறோம். சமையலறையில் குடிநீரைச் சவ்வால் வடிகட்டும் ஆர்.ஓ. கருவி இருக்கிறது, டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) 30தான். அதிலிருந்தே இணைப்பு எடுக்கலாம் என்கிறார் விற்பனையாளர்.

பதில்: கூடவே கூடாது. குடிக்கும் தண்ணீரைக் குடல் வடிகட்டுகிறது, மிச்சத்தைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. டயாலிசிஸில் தண்ணீருக்கும் ரத்தத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய சவ்வுதான். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரம் ஓடினால் 120 லிட்டர் அந்தச் சவ்வைத் தொட்டுச் செல்லும். பெரும்பாலான சமையலறைக் கருவிகளுக்கு அந்த வேகமே கிடையாது. போதாக்குறைக்கு, பல கருவிகள் சுவைக்காகக் கால்சியம் சேர்க்கின்றன. டயாலிசிஸ் நீரில் கால்சியம் லிட்டருக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வாந்தியும் ரத்த அழுத்த உயர்வும் வரும். இணைப்பு யோசனை சொன்னவரை இனி வீட்டுக்குள் விடாதீர்கள்.

கேள்வி: அம்மா பெரிட்டோனியல் டயாலிசிஸில் (வயிற்றுக்குள் திரவத்தை விட்டு எடுக்கும் முறை) இருக்கிறார். ஆர்.ஓ. வாங்க வேண்டுமா?

பதில்: அதற்காக வேண்டாம். அந்தத் திரவம் கிருமி நீக்கிய பையில் தயாராக வருகிறது.

கேள்வி: 'மருத்துவத் தரம்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஆர்.ஓ. கருவியைக் கடன்பட்டு வாங்கினோம். டயாலிசிஸ் தொழில்நுட்பர் பார்த்தவுடன் மறுத்துவிட்டார். கடைக்காரர் பணம் தர மறுக்கிறார்.

பதில்: உங்கள்மேல் எந்தப் பிழையும் இல்லை. நோயாளியை வைத்துக்கொண்டு தவிக்கும் குடும்பத்திடம் ஸ்டிக்கரைக் காட்டி விற்றவர்தான் குற்றவாளி. தொழில்நுட்பரிடம் மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் வாங்குங்கள். ரசீது, விளம்பரத்தாள், ஸ்டிக்கரின் படம், கைப்பேசிச் செய்திகள் எதையும் அழிக்காதீர்கள். கருவி டயாலிசிஸ் தண்ணீருக்கான ஐ.எஸ்.ஓ. 23500 தர வரிசைக்கு உட்பட்டதா, சோதனை அறிக்கை எங்கே என்று விற்றவரைக் கடிதத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் கடிதத்தையும் இணைத்து நுகர்வோர் புகார் கொடுங்கள். என்னிடமும் ஒருவர் இரண்டு கண்ணாடிக் குவளைகளில் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சி, குழாய்த் தண்ணீர் பழுப்பாவதைக் காட்டித்தான் வீட்டுக் கருவியை விற்றார். பழுப்பு தண்ணீரிலிருந்த அழுக்கு அல்ல, கம்பியின் இரும்பு கரைந்தது. ஆர்.ஓ. நீரில் மின்சாரம் சரியாகப் பாயாததால் அது தெளிவாக நின்றது. இதைத் தெரிந்தே செய்கிறார்கள் என்பதுதான் இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியாதது.

கேள்வி: சிறிய டயாலிசிஸ் மையம் நடத்துகிறோம். தினமும் டி.டி.எஸ். பார்க்கிறோம், நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் வடிகட்டும் தொட்டியிலுள்ள கார்பனை மாற்றச் சொல்கிறார் பராமரிப்பாளர். பணம் பறிக்கிறாரா?

பதில்: இல்லை, சரியாகத்தான் சொல்கிறார். டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது. பாக்டீரியாவோ, அது விட்டுச்செல்லும் எண்டோடாக்சின் என்ற நச்சோ, நோயாளிகளுக்கு ஆபத்தான அளவிலுள்ள குளோரமைனோ அதன் கண்ணில் படாது. குடிநீர் வாரியங்கள் கிருமி கொல்லக் குளோரினுடன் அம்மோனியா சேர்க்கும்போது குளோரமைன் உண்டாகிறது. குடிப்பவருக்குக் கேடில்லை, ஆனால் ரத்தத்தில் கலந்தால் சிவப்பணுக்கள் உடையும். ஆர்.ஓ. சவ்வு அதை நன்றாகத் தடுப்பதில்லை. குளோரினோ சவ்வையே அரிக்கும். ஆகவே இவை இரண்டையும் நீக்க, சவ்வுக்கு முன்னால் இரண்டு கார்பன் தொட்டிகள், ஒன்றன்பின் ஒன்றாக. கார்பனோடு தண்ணீர் மொத்தம் பத்து நிமிடமாவது தொடர்பில் இருக்க வேண்டும். கருவியைப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, இரண்டு தொட்டிகளுக்கு நடுவிலிருந்து மாதிரி எடுத்து, ஒவ்வொரு ஷிப்டுக்கும் முன் மொத்தக் குளோரினை (குளோரமைனும் சேர்த்து) சோதியுங்கள். லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான் எல்லை. முதல் தொட்டியில் தாண்டினால் இரண்டாவதற்குப் பின்னும் சோதியுங்கள், அங்கும் தாண்டினால் டயாலிசிஸை நிறுத்துங்கள். காட்சிக்கு வைக்கும் மீட்டருக்குப் பணம் இருக்கிறது, சோதனைத் தாளுக்கு இல்லையா? பல மையங்கள் இப்படித்தான் செலவு செய்கின்றன, எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

கேள்வி: ஆர்.ஓ. அறை அலாரம் அடிக்கடி ஒலித்து நோயாளிகளைப் பயமுறுத்துகிறது. ஒயரைக் கழற்றிவிட்டோம். சத்தம் குறைந்த மாடல் எது?

பதில்: ஒயரை இப்போதே மாட்டுங்கள். அலாரம் அடிக்கடி ஒலித்தால் ஏதோ பழுது, அதைக் கண்டுபிடியுங்கள். தண்ணீர்க் கருவியில் பழுது வந்தால் என்ன ஆகும் தெரியுமா? 1993-இல் சிகாகோவில் ஒரு மையத்தில், தண்ணீரின் உப்புகளைப் பிடித்துவைக்கும் அயனி நீக்கித் தொட்டிகள் செயல் தீர்ந்து, பிடித்துவைத்த ஃப்ளோரைடைத் தண்ணீரிலேயே திரும்ப வெளியிட்டன. மூன்று நோயாளிகள் இறந்தார்கள். மாடல் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

கேள்வி: மையத்தில் தண்ணீர்ப் பதிவேட்டைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்குகிறேன்.

பதில்: கோபித்துக்கொள்ளட்டும், கேளுங்கள். இன்றைய குளோரின் அளவு, கடைசி பாக்டீரியா எண்ணிக்கை, எண்டோடாக்சின் அறிக்கை, இவை மூன்றும் வேண்டும். பாக்டீரியா மில்லிலிட்டருக்கு 100 தொகுதிகளுக்குக் கீழும் எண்டோடாக்சின் 0.25 அலகுக்குக் கீழும் இருக்க வேண்டும். "புற ஊதா விளக்கு இருக்கிறதே" என்று மழுப்பினால் ஏற்காதீர்கள், அது பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர எண்டோடாக்சினை நீக்காது. குழாய்களுக்கு மருந்து போட்டுக் கழுவிய மறுநாள் என்றால், மிச்ச மருந்து இல்லை என்று சோதித்தார்களா என்றும் கேளுங்கள். டயாலிசிஸ் நடுவில் குளிர் நடுக்கமோ காய்ச்சலோ வந்தால் முடியட்டும் என்று பொறுக்காமல் உடனே செவிலியரைக் கூப்பிடுங்கள்.