டவுனில் ஒரு சின்னப் புத்தகக்கடை: கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனில் பஸ் நிலையத்துக்கு மேலே ஏறும் சந்து ஒன்றில் 2006 முதல் புத்தகக்கடை வைத்திருக்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம், நாலு ராக்கை, ஒரு மேசை. கடை நடத்துவது பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதற்கு மலையகத்தின் பல பக்கங்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. எனக்கு அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பண்டாரவளையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, கையில் ஐந்து இலட்சம் இருக்கிறது. நாவல், கவிதை, சிறுகதை மட்டும் விற்கும் கடை போட ஆசை. நடக்குமா?

ஆசை நல்ல ஆசை தம்பி, ஆனால் கணக்கு இடிக்கும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் மூன்று மாதம் வாடகையைக் கைக்காசில்தான் கட்டினேன். நாலாம் மாதம் கொப்பி, பேனை, பிரவுண் பேப்பர் எல்லாம் இறக்கிய பிறகுதான் கடைக்குள் ஆள் நடமாட்டம் வந்தது.

நான் இன்றைக்குத் தொடங்குவதென்றால் இரண்டு இலட்சத்துக்குப் பாடசாலைச் சாமான் போடுவேன். ஒன்றரை இலட்சத்துக்குக் கடந்தகால வினாத்தாள், அகராதி, சின்னப் பிள்ளைகளின் படக்கதைகள். இலக்கியத்துக்கு ஒரு இலட்சம். மிச்ச ஐம்பதாயிரத்தை வங்கியில் போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும். கடை முற்பணமும் ராக்கைச் செலவும் இந்தக் கணக்கில் இல்லை, அதற்கு வேறு வழி பாருங்கள்.

பாடநூலை நம்ப வேண்டாம். 1980 முதல் அரசு அதை இலவசமாகக் கொடுக்கிறது. புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர்தரம் ஆகிய மூன்று பரீட்சைக்கான பயிற்சிப் புத்தகங்கள்தான் ஓடும்.

பதிவு பெரிய வேலை இல்லை. கிராம சேவகரின் கடிதத்தோடு பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். அப்புறம் உங்கள் நகர சபையிலோ பிரதேச சபையிலோ வரியைக் கட்டிவிடுங்கள்.

தலவாக்கலையிலிருந்து: தேயிலைத் தோட்டத்து ஆட்கள் விலை கேட்டுவிட்டு வைத்துவிட்டுப் போகிறார்கள். கடன் கொடுக்கலாமா?

இதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். கடையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

தோட்டத்தில் ஒரு முழுப் பேருக்கு, அதாவது ஒரு நாள் முழு வேலைக்கு, 2021 இல் ஆயிரம் ரூபா வந்தது. 2024 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ஆனது. அந்தச் சம்பளத்தில், ஒரு நாவலின் விலை 1,500 என்றால், ஒரு பெண் ஒரு நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்தாலும் அந்தப் புத்தகம் கைக்கு வராது. அவள் புத்தகத்தைத் திருப்பி வைத்துவிட்டுப் போகும்போது வாசிப்பில் ஆர்வமில்லை என்று நினைத்துவிடாதீர்கள். பின்அட்டையை முழுக்க வாசித்துவிட்டுத்தான் வைத்திருப்பாள். அடுத்த முறை கவனித்துப் பாருங்கள்.

பல தோட்டங்களில் 10ஆம் தேதி வாக்கில் சம்பளம், 25ஆம் தேதி வாக்கில் அட்வான்ஸ். கொழும்புப் பார்சல் 8ஆம் தேதிக்குள் கடைக்கு வந்துவிட வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு டவுனில் கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்குப் புதுப் புத்தகம் வாசலில் இருக்க வேண்டும். 18ஆம் தேதி வந்து சேரும் புத்தகம் அடுத்த மாதம் வரை தூங்கும். தீபாவளி முற்பணம் கிடைக்கும் கிழமையில் துணிக்கடைக்குத்தான் முதலிடம். அதைப் பற்றிக் கவலைப்படாமல் கோலப் புத்தகமும் சமையல் புத்தகமும் எடுத்து வையுங்கள்.

கடன் கொடுக்க வேண்டாம். கடன் கொப்பியில் பெயர் ஏறிய ஆள் வெட்கப்பட்டுக்கொண்டு கடைப் பக்கமே வரமாட்டார். காசும் போகும், வாசகரும் போவார். நான் செய்வது புத்தகச் சீட்டு. பன்னிரண்டு பேர் மாதம் 200 ரூபா போடுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு 2,400 ரூபாவுக்குப் புத்தகம். சீட்டுப் பிடிப்பது நம் ஆட்களுக்குப் பழக்கமான விஷயம் என்பதால் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதல் சீட்டைச் சேர்த்தது பிள்ளைக் காம்பராவில், அதாவது தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில், வேலை செய்யும் ஒரு அக்கா. தன் முறை வந்தபோது 2,400க்கும் சின்னப் பிள்ளைகளின் படக்கதைகளையே எடுத்து, கொழுந்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார். இப்போது மூன்று சீட்டு ஓடுகிறது. இதுவரை ஒருவரும் தவணை தவறவில்லை.

கந்தப்பளையிலிருந்து: புத்தகமெல்லாம் பூஞ்சணம் பிடிக்கிறது. என்ன செய்வது?

ஹட்டன் கடல்மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. உங்கள் ஊர் அதைவிட உயரம். எங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் வருட முடிவில் இதே பாடு.

2009 இல் ஒரு ஜூன் மாதம் நாலு நாள் கடை பூட்டியிருந்தேன். திறந்தபோது கதவுக்குள்ளிருந்தே ஈரச் சாக்கு வாடை வந்தது. சுவரோடு ஒட்டி வைத்திருந்த ராக்கையின் கீழ்த்தட்டில் ஒரு புத்தகத்தை இழுத்தேன். பக்கத்துப் புத்தகமும் ஒட்டிக்கொண்டே வந்தது. விரித்தால் தாள் அலை அலையாக எழும்பி நிற்கிறது, ஓரத்தில் உப்புத் தூவினது போல வெள்ளைப் புள்ளி. அறுபத்திரண்டு புத்தகம் போயிற்று.

அன்றைக்கே ராக்கைகளைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிவைத்தேன். கீழ்த்தட்டைத் தரையிலிருந்து அரை அடி உயர்த்தினேன். கருங்கல் சுவர் வியர்க்கும், சீமெந்துத் தரையும் வியர்க்கும். இரண்டையும் புத்தகம் தொடக்கூடாது. தகரக் கூரையென்றால் விடிகாலையில் உள்பக்கம் நீர் கோர்த்துச் சொட்டும், கீழே பலகைத் தட்டு அடியுங்கள். புத்தகங்களை நெருக்கிச் செருகாதீர்கள், ஒரு விரல் நுழைய இடம் விடுங்கள். மழைக்காலத்தில் பொலித்தீன் உறை போடாதீர்கள். ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டால் உறைக்குள்ளேயே பூக்கும். கண்ணாடி அலுமாரிக்குள் சிலிக்கா ஜெல் வைக்கலாம், திறந்த ராக்கைக்கு அதனால் பயனில்லை.

பிடித்துவிட்டதென்றால் அந்தப் புத்தகத்தை உடனே மற்றதிலிருந்து பிரியுங்கள். காற்றோட்டமான நிழலில் விசிறி போல் விரித்து நிறுத்திக் காயவிடுங்கள். நேர் வெயிலில் போட்டால் அட்டை வளைந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு, வாயை மூடிக் கட்டிக்கொண்டு, வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். ஈரத்தோடு துடைத்தால் கறை உள்ளே இறங்கும். ஞாயிறு மாலை ஒவ்வொரு தட்டையும் கையால் தொட்டுப் பார்ப்பது என் வழக்கம். குளிர்ந்த தட்டு எது, ஈரத் தட்டு எது என்று விரலுக்கே தெரியும்.

புசல்லாவையிலிருந்து: புத்தகம் எங்கே எடுக்கிறீர்கள்? இந்தியப் புத்தகத்துக்கு என்ன விலை போடுவது?

கொழும்பில் எடுப்பதுதான் வசதி. எனக்கு 20 முதல் 30 வீதம் வரை கழிவு தருகிறார்கள். கழிவைவிட முக்கியம், விற்காததைத் திருப்பி எடுப்பார்களா என்பது. 30 வீதம் தந்து திருப்பி எடுக்காதவரைவிட 20 வீதம் தந்து திருப்பி எடுப்பவர் மேல். செப்டெம்பரில் பண்டாரநாயக்க மாநாட்டு மண்டபத்தில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சிக்குக் கட்டாயம் போய் வாருங்கள். பதிப்பாளர்களை நேரில் பார்த்துப் பேசினால் கணக்குத் திறப்பது சுலபம்.

இந்தியப் புத்தகத்துக்கு நாணய மாற்று விகிதத்தை மட்டும் பார்த்தால் நட்டப்படுவீர்கள். ஏற்றுக்கூலி, துறைமுகச் செலவு, வழியில் நசுங்குவது எல்லாம் இருக்கின்றன. அட்டையில் 200 இந்திய ரூபா என்றால் நான் இப்போது ஆயிரம் போடுகிறேன். 2022 இல் எந்தக் கணக்கும் நிற்கவில்லை. அந்த வருடம் மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்டார்கள். கொப்பி விலை ஒரே கிழமையில் இரண்டு தடவை மாறியது. பழைய விலைக்கு வாங்கிய கொப்பியைப் பழைய விலைக்கே கொடுத்தேன். அதற்காகவே இன்றைக்கும் எங்கள் கடைக்குத்தான் வருகிறோம் என்று சொல்லும் தாய்மார் இருக்கிறார்கள்.

இன்னொன்று. பாடசாலை நூலகத்துக்கு என்று யாராவது வாய்வார்த்தையாக ஓடர் தந்தால் எழுத்தில் வாங்குங்கள். ஒருமுறை எண்பதாயிரம் ரூபாவுக்குப் புத்தகம் இறக்கிய பிறகு வேண்டாம் என்றார்கள். அதை விற்றுத் தீர்க்க இரண்டு வருடம் ஆனது.

மாத்தளையிலிருந்து: போட்டோகொப்பி மெஷின் போடலாமா? சிங்களப் புத்தகம் வைக்கலாமா?

இரண்டும் செய்யுங்கள். ஆனால் முழுப் புத்தகத்தைப் படியெடுத்துக் கொடுக்காதீர்கள், எழுதினவர் வயிற்றில் அடிப்பது அது. தமிழ் வழியாகச் சிங்களம் படிக்கும் புத்தகமும் மும்மொழி அகராதியும் வருடம் முழுக்க விற்கும்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு கவிஞர்: சொந்தச் செலவில் 300 பிரதி அடித்தேன். கடைகள் எடுக்க மாட்டேன் என்கின்றன.

பத்துப் பிரதி அனுப்புங்கள், நான் வைக்கிறேன். விற்றபின் காசு, எனக்கு 25 வீதம். புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண், அதாவது ஐஎஸ்பிஎன், இருக்கிறதா? கொழும்பு 7 இல் இருக்கும் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் எடுக்கலாம். நம் நாட்டு எண் 978க்குப் பிறகு 955 அல்லது 624 என்று தொடங்கும். அது இல்லாமல் நூலகங்களுக்குக் கொடுப்பது சிரமம். அடுத்த முறை முதுகுப் பக்கத்திலும் தலைப்பை அடியுங்கள். ராக்கையில் நிற்கும் புத்தகத்துக்கு முதுகுதான் முகம்.

பதுளையிலிருந்து ஒரு ஆசிரியர்: எல்லாம் போனில் இலவசமாகக் கிடைக்கும்போது யார் வாங்குவார்கள்? மலையக எழுத்துக்கென்று தனி ராக்கை தேவையா?

சேர், 2005 முதல் நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களை மின்வடிவில் சேர்த்து வைக்கிறது. அதை நான் போட்டியாக நினைக்கவில்லை. அங்கே பார்த்துவிட்டு வந்து இந்தப் புத்தகம் தாளில் கிடைக்குமா என்று கேட்கிறார்கள்.

தனி ராக்கை கட்டாயம் தேவை, அதுவும் வாசலுக்கு நேராக. சி.வி. வேலுப்பிள்ளை, என்.எஸ்.எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் இவர்களெல்லாம் நம் லயத்து வரிசை வீடுகளையும் நம் பேச்சையும் எழுதினவர்கள். தெளிவத்தை ஜோசப்புக்கு 2013 இல் தமிழ்நாட்டில் விஷ்ணுபுரம் விருது கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அங்கிருந்து சுற்றுலா வரும் வாசகர்களும் அவர் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள். 2022 இல் அவர் மறைந்த செய்தி வந்த அன்று கையிலிருந்த பிரதிகளை வாசல் மேசையில் அடுக்கி ஒரு விளக்கு வைத்தேன். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்யும் ஒருவர் நின்று பார்த்தார். “நம்ம பேச்சு மாதிரியே எழுதியிருக்கே” என்று சொல்லி ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அவர் மகள் இப்போது என் சீட்டில் இருக்கிறாள்.

பழைய பதிப்புகள் தீர்ந்துபோனால் மறுபதிப்பு வரப் பல வருடம் ஆகிறது. அதனால் கண்ணில் படும்போதே இரண்டு பிரதி கூடுதலாக எடுத்து வையுங்கள்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு தங்கச்சி: உயர்தரம் எழுதிவிட்டேன். கடை போடக் காசில்லை. அப்பா எங்கள் லயத்து வீட்டுக் காம்பராவுக்கு முன்னால் ஒரு மேசை போட்டுத் தருகிறேன் என்கிறார். அதில் தொடங்கலாமா? பிள்ளைகள் சும்மா எடுத்து வாசித்துவிட்டுப் போனால் என்ன செய்வது?

தொடங்கு தங்கச்சி. மேசை போதும். இருபது கொப்பி, ஒரு பெட்டி பேனை, பத்துக் கதைப் புத்தகம். சாரல் அடிக்காத பக்கமாகப் போடு, பின்னேரம் நாலு மணிக்குத் திற. மலையிலிருந்து ஆட்கள் இறங்கும் நேரமும் பிள்ளைகள் பாடசாலையிலிருந்து வந்து சாப்பிட்டு முடித்த நேரமும் அதுதான்.

சும்மா வாசிக்கும் பிள்ளைகளை விரட்டாதே. கையைக் கழுவிவிட்டு வரச் சொல், ஒரு பழைய புத்தகத்தை அவர்களுக்கென்றே ஒதுக்கிவிடு. அட்டை கிழிந்தால் பசை போட்டு ஒட்டிக்கொள்ளலாம். எங்கள் கடையில் ஒரு முக்காலி இருக்கிறது. அதில் உட்கார்ந்து வாசித்த இரண்டு பேர் இன்று ஆசிரியர்கள், பாடசாலைக்குக் கொப்பி எடுக்க என்னிடம்தான் வருகிறார்கள்.

காசை இப்போது தேட வேண்டாம். அடுத்த பார்சலில் உனக்கும் ஒரு கட்டு சேர்த்துச் சொல்கிறேன். 9ஆம் தேதி காலை பொகவந்தலாவை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், பஸ் நோர்வூட் தாண்டியதும் நீ ரோட்டுக்கு இறங்கி வந்து நின்று எடுத்துக்கொள். விற்றதற்கு மட்டும் மாத முடிவில் கணக்குப் பார்ப்போம். வரும்போது அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா, கட்டு கொஞ்சம் பாரம்.